சுக்கானும் சொட்டு எண்ணெயும்

சொந்தக் காரைத் தாமே பழுது பார்த்துக்கொள்பவரைப் பற்றி நம்மவர்களுக்கு இரண்டு விதமான அபிப்பிராயங்கள் உண்டு. ஒரு சாரார் அவரைக் கஞ்சர் என்பார்கள். மற்றொரு சாரார் கெட்டிக்காரர் என்பார்கள். இரண்டும் அவருடைய பணப்பையைப் பற்றிய பேச்சுத்தான். 'இந்த வேலையைச் செய்ய அவருக்கு உரிமை உண்டா?' என்று யாரும் கேட்பதில்லை. கேட்கவேண்டிய கேள்வி அதுதான்.

"சொந்தக் கார், சொந்தக் கை, உரிமைக்கு என்ன குறைச்சல்?" என்பீர்கள். இரண்டு வேலைகளை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

முதலாவது, எண்ணெய்க் கசிவு. காலையில் காரை நகர்த்தினால் தரையில் கறுப்பாக ஒரு வட்டம். சொட்டுகிற இடத்திலேயே கோளாறு என்று எண்ணி, அங்கிருக்கும் நட்டை முறுக்குவது மனித சுபாவம். ஆனால் எண்ணெய் மேலே எங்கோ கசிந்து, எஞ்சினோடு வழிந்து, ஓட்டக் காற்றில் பின்னுக்குத் தள்ளப்பட்டு, தாழ்ந்த மூலை ஒன்றில் வந்து சொட்டுகிறது. எஞ்சினை நன்றாகத் துடைத்து, கீழே பழைய பத்திரிகையை விரித்து, சற்று ஓடவிட்டு, மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வரவேண்டும். பழைய கார்களில் வால்வு மூடிக்கு அடியிலுள்ள தக்கைப் பாக்கிங் நசுங்கியிருக்கலாம். மேலும் முறுக்கினால் அது பிளந்தே போகும். சில சமயம் பாக்கிங் மீதும் குற்றம் இராது. எஞ்சின் மூச்சு விடும் குழாய் அடைத்துக்கொண்டு, உள்ளே சேர்ந்த அழுத்தம் கிடைத்த சந்து வழியாக எண்ணெயைத் தள்ளும். காப்பியில் சர்க்கரை குறைவு என்று மாமியார் கோபித்துக்கொள்ளும்போது, கோபம் சர்க்கரையைப் பற்றியதாகவா இருக்கிறது?

இந்த வேலையில் பிசகினால் எண்ணெய் வீணாகும். மிஞ்சிப்போனால் எஞ்சின் கெடும். நஷ்டம் பெரும்பாலும் உடையவருக்கே. ஆகையால் தாராளமாகச் செய்யட்டும், பொறுமையாவது கற்றுக்கொள்வார்.

இரண்டாவது, ஸ்டீரிங். தூத்துக்குடிப் பக்கத்து உப்பளக் காற்று இரும்பைச் சும்மா விடாது. துருவேறிய நட்டைக் கழற்றி, சக்கரத்தைத் திருப்பும் தண்டின் முனையில் தேய்ந்துபோன பந்து மூட்டை மாற்றுவது பிரமாத வித்தை அல்ல. ஆனால் பல வண்டிகளில் அந்த நட்டுக்குக் குறுக்கே ஒரு சின்னப் பின் செருகவேண்டும். அதை மறந்தால் கார் அன்றைக்கே நின்றுவிடாது, ஒழுங்காகத்தான் ஓடும். நட்டு தினமும் கொஞ்சம் தளரும். ஒரு நாள் கை ஒரு பக்கம் திரும்பும், சக்கரம் வேறு பக்கம் போகும். அப்போது சாலையோரம் புத்தகப் பையுடன் ஒரு குழந்தை போய்க்கொண்டிருக்கலாம். உங்கள் சிக்கனத்தின் லாபத்தில் அந்தக் குழந்தைக்குப் பங்கில்லை. நஷ்டம் மட்டும் அதனுடையது.

இந்த வித்தியாசத்தைப் பாஞ்சாலங்குறிச்சியில் நின்று யோசித்தால் தெளிவாகப் புரியும். 1799-ல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கும்பெனியார், அவன் கோட்டையையும் இடித்தார்கள். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்த ஊமைத்துரையும் அவன் மக்களும் சில நாட்களிலேயே மண்ணால் அதை மீண்டும் எழுப்பினார்கள். மார்ச்சு மாத இறுதியில் வந்த படை அதில் மோதித் திரும்பியது. மே மாதத்தில்தான் கோட்டை விழுந்தது. இன்று அங்கே நாம் பார்ப்பது 1974-ல் கட்டிய நினைவுக் கோட்டை. அந்த மண் சுவரை எழுப்பியவர்களிடம் 'உங்களுக்குக் கொத்து வேலை தெரியுமா?' என்று யாரும் கேட்டிருக்க முடியாது. எழுப்பியவர்களே அதன் பின்னால் நின்றார்கள். சுவர் பொய்த்தால் போவது அவர்கள் உயிர்.

பக்கத்து ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய அவரைக் கப்பலோட்டிய தமிழன் என்கிறோம். ஆனால் அவர் வக்கீல். சுக்கான் பிடித்தவர் அல்ல. நம்பி ஏறிய பிரயாணிகளின் உயிர் தொழில் தெரிந்த மாலுமியின் கையில் இருந்தது. அதனால் சுதேசியம் குறைந்துவிட்டதா என்ன?

"காசு வாங்குகிற மெக்கானிக் பின்னை மறக்கமாட்டாரா?" என்று கேட்கலாம். மறக்கலாம். ஆகவே வேலையை ஒப்படைப்பது கை கழுவுவது ஆகாது. பக்கத்தில் நின்று, பின் போட்டாயிற்றா என்று குனிந்து பார்ப்பது உங்கள் கடமை. முறையாகத் தொழில் கற்றவரானால் நீங்களே செய்யலாம். அப்போதும் இன்னொரு தேர்ந்த கண் அதைப் பார்ப்பது நல்லது. இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

தன் கையே தனக்கு உதவி என்றார்கள் பெரியவர்கள். அதில் 'தனக்கு' என்ற சொல்லைச் சற்று அழுத்திப் படியுங்கள். பிறர் உயிருக்கும் அந்தக் கையே போதும் என்று அவர்கள் சொல்லவில்லை.