விதியும் ஆணியும்

தன் அறிவுக்கு எட்டாத நிகழ்ச்சிகளை விதி என்னும் சொல்லால் குறித்து அமைதி காண்பது மனிதனின் தொன்றுதொட்ட வழக்கமாகும். அவ்வாறு குறிக்கப்படுவனவற்றுள் மனிதனது கைவேலை எவ்வளவு என்பது அறவியல் சார்ந்த ஒரு வினா. இவ்வினாவை ஆராய்வதற்குப் பழைய விளையாட்டுப் பொறி ஒன்று துணைபுரிகின்றது.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் யப்பானில் பெருவழக்குப் பெற்ற பச்சிங்கோ என்பதே அப்பொறியாகும். நிமிர்ந்து நிற்கும் பலகையில் பித்தளை ஆணிகள் செறிவாக அறையப்பட்டிருக்கும்; முன்புறத்தைக் கண்ணாடி மூடியிருக்கும். ஆடுபவர் விற்பிடியைத் தட்டியதும் 11 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருக்குக் கோலி மேலெழுந்து, ஆணிகளில் மோதி மோதிக் கீழிறங்கும். பரிசுக் குழியில் வீழ்ந்தால் மணி ஒலிக்கக் கோலிகள் பல சொரியும். வீழாவிடின் அடித்துளையில் மறையும். ஆடுபவர் தம் அதிர்ஷ்டத்தை வாழ்த்துவார், அன்றேல் நொந்துகொள்வார்.

பழுதுற்ற அப்பொறியைத் திருத்தப் புகுபவர் காணும் காட்சி வேறு. பின்புறத்தைத் திறந்ததும், குழியில் வீழ்ந்த கோலியின் பாரம் ஒரு நெம்புகோலைச் சாய்ப்பதையும், அது பரிசுக் கோலிகளைத் தேக்கிய வாயிலைத் திறப்பதையும், தொடுமுனைகள் பொருந்த மின்குமிழ் எரிவதையும் அவர் அறிகிறார். துருவை நீக்கி, அறுந்த கம்பியைப் பொருத்திய பின்னர் ஆணிகளை நோக்குகிறார். குழிவாயிலில் நிற்கும் இரு ஆணிகள் சிறிதே நெருங்கினும் கோலி புகுவது அரிதாகிவிடும். யப்பானிய ஆட்டக்கூடங்களில் இவ்வாணிகளைச் சிறு சுத்தியலால் தட்டி வளைப்பதற்கென்றே 'குகிஷி' எனப்படும் வினைஞர் இருந்தனர். ஒரு கோலி எங்கு வீழும் என்பதை அவரும் அறியார். ஆனால் ஆயிரம் கோலிகளுள் ஏறத்தாழ எத்தனை புகும் என்பது அவர் கையில் தங்கியிருந்தது. தற்செயல் பொய்யன்று, அதற்கு எல்லை வகுத்த கையும் பொய்யன்று.

மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழ்வோர்க்கு இவ்வுண்மை புதிதன்று. மாரி மழையின் அளவு எவரது ஆணைக்கும் உட்பட்டதன்று. ஆயினும் மணல் மேவி அடைபட்ட முகத்துவாரத்தை வெட்டிவிடும் வேளையை மனிதரே தீர்மானிக்கின்றனர். அதில் நேரும் தாமதம் படுவான்கரைத் தாழ்நிலங்களில் வெள்ளமாய்த் தேங்கக்கூடும். வயலை இழந்தவர் விதியையே நோகிறார்.

அம்முகத்துவாரத்தை அடுத்த நாவலடியை 2004 டிசெம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அழித்தது. கடலடி நிலநடுக்கத்தை எவராலும் தடுத்திருக்க இயலாது. எனினும் நடுக்கத்திற்கும் அலையின் வருகைக்கும் இடையே ஒரு மணி நேரத்திற்கும் மேற்பட்ட அவகாசம் இருந்தது. பசுபிக் சமுத்திரத்திற்குப் பல பத்தாண்டுகளாக இருந்துவந்த எச்சரிக்கை ஏற்பாடு, இந்து சமுத்திரத்திற்கு அன்று இருக்கவில்லை. அலையை விதி எனலாம்; அவ்வின்மையை விதி எனல் ஆகாது.

இவ்விடத்து ஒரு தடை எழலாம். துயருற்றோர்க்கு விதி என்னும் சொல் ஊன்றுகோலாக உள்ளதே, அதனைப் பறிப்பது அறமாகுமோ? ஆகாது. பிள்ளையை இழந்த தாய் அச்சொல்லால் ஆறுதல் அடைவாளெனின், அதனை மறுக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் ஆணியை அறைந்தவரும், வாயிலைத் திறக்க வேண்டியவரும் அதே சொல்லைக் கூறும்பொழுது, அது ஆறுதலாகாது. பொறுப்பினின்று ஒளிந்துகொள்ளும் இடமாகிவிடும். எனவே ஒரு சொல்லின் அறம் அதனைச் சொல்பவரின் நிலையைப் பொறுத்ததாகும்.

பொறியைத் திருத்துபவர் அதன் பின்புறத்தைக் கண்டவர். கண்ட பின்னர், ஆணிகளை அறியாதவர்போல் அதனை மூடிவைத்தல் அவருக்கு இயலாது. அறிவு தரும் சுமை அதுவே.