திட்டமிடுதலும் சரணாகதியும்

பணி ஓய்வு பெற்ற இரு நண்பர்கள் பத்ரிநாத்துக்கு நடந்தே செல்லத் தீர்மானிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பேருந்துகள் ஓடும் நெடுஞ்சாலையில் அன்று. ரிஷிகேசத்திலிருந்து கங்கையின் இடக்கரையை ஒட்டிச் செல்லும் பழைய யாத்திரைப் பாதையில். ஒருவர் நோட்டுப் புத்தகத்தை எடுத்து நாள்வாரியாக எழுதத் தொடங்குகிறார்: எங்கே தங்குவது, எங்கே நீர் கிடைக்கும், மழைக்காலம் எப்போது, மாத்திரைகள் எத்தனை. மற்றவருக்கு அது பிடிக்கவில்லை. “பெருமாளைத் தரிசிக்கப் போகிறவனுக்குப் பட்டியல் எதற்கு? அழைப்பவன் அவன். வழியில் காப்பவனும் அவன்தானே!” என்கிறார்.

இருவரில் யார் பக்தர்? முன்கூட்டித் திட்டமிடுவது நம்பிக்கைக் குறைவா? யாத்திரை செல்வோர் மட்டுமல்ல, இல்லறத்தை நடத்தும் ஒவ்வொருவரும் என்றேனும் ஒருநாள் எதிர்கொள்ளும் கேள்வி இது.

பழைய பாதை

லட்சுமண் ஜூலாவைக் கடந்து பூல் சட்டி, மோகன் சட்டி, மகாதேவ் சட்டி என்று செல்லும் அந்தப் பாதை, நயார் நதி கங்கையில் கலக்கும் வியாசகாட் வழியாகத் தேவப்பிரயாகையை அடைகிறது. பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர் இதுவே. அங்கிருந்து ஸ்ரீநகர், ருத்ரப்பிரயாகை, கர்ணப்பிரயாகை, நந்தப்பிரயாகை, ஜோசிமடம், பாண்டுகேசுவரம் ஆகிய ஊர்களைக் கடந்து பத்ரிநாத். திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிருதி ஜோசிமடமே எனக் கொள்வர்.

1960களின் இறுதியில் மோட்டார் சாலை பத்ரிநாத்தை எட்டியது. ரிஷிகேசத்துக்கும் தேவப்பிரயாகைக்கும் இடையே அந்தச் சாலை ஆற்றின் மறுகரையில் செல்கிறது. ஆகவே இடக்கரைப் பாதை மெல்ல மெல்ல மறக்கப்பட்டது. தேவப்பிரயாகைக்கு மேலே பழைய பாதையின் பெரும்பகுதியைச் சாலையே விழுங்கிவிட்டது. ஒரு காலத்தில் பாரதம் முழுவதும் அறிந்திருந்த வழி, இன்று பத்ரிநாத்துக்குச் சென்று வந்தவர்களில் பலரும் அறியாத வழியாகிவிட்டது.

“அக்காலத்தில் மக்கள் திட்டமிட்டா நடந்தார்கள்? கையில் தடி, வாயில் நாமம், அவ்வளவுதானே!” என்று இரண்டாம் நண்பர் கேட்கக்கூடும். உண்மை சற்று வேறானது. சில மைல்களுக்கு ஒன்றாகச் ‘சட்டி’ எனப்படும் வழித்தங்கல்கள் அப்பாதையில் இருந்தன. அங்குள்ள கடைக்காரரிடம் மாவும் பருப்பும் வாங்கினால் இரவு தங்க இடமும் சமைக்கப் பாத்திரமும் அவரே தருவார். காலீ கம்லீ பாபா என்று அழைக்கப்பட்ட சுவாமி விசுத்தானந்தர், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், யாத்திரிகர்களின் துன்பத்தைக் கண்டு மனம் இரங்கினார். கருங்கம்பளி ஒன்றே உடைமையாகக் கொண்ட அத்துறவி, செல்வந்தர்களிடம் கேட்டுப் பெற்று, வழிநெடுகத் தர்மசாலைகளும் அன்னதானமும் ஏற்படுத்தினார்.

அப்படியானால், கவலையின்றி நடந்தவர்கள் திட்டம் இல்லாமல் நடக்கவில்லை. பிறர் வகுத்த திட்டத்தின் நிழலில் நடந்தார்கள். அந்த நிழலைத்தான் அவர்கள் இறைவனின் அருள் என்று வணங்கினார்கள். வணங்கியது சரியே. ஆனால் அருள் ஒரு துறவியின் முன்யோசனை வழியாகவும் ஒரு கடைக்காரரின் பாத்திரங்கள் வழியாகவும் வந்தது என்பதை மறக்கலாகாது.

இன்று அந்தச் சட்டிகளுள் பல வெறிச்சோடிக் கிடக்கின்றன. இடக்கரைப் பாதை தொடங்கும் பௌரி மாவட்டத்தில் 2001-க்கும் 2011-க்கும் இடையே மக்கள்தொகை குறைந்தது என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டுகிறது. இளையோர் சமவெளிக்குச் சென்றுவிட்டனர். பல ஊர்களில் எஞ்சியிருப்போர் முதியவர்கள். இந்நிலையில் ஒன்றும் கொண்டு செல்லாமல் ‘அவன் தருவான்’ என்று நடந்தால், தரவேண்டியவர் யார்? சுமையைத் தலையில் வைத்து மேட்டில் ஏற்றி வந்த ஒரு மூதாட்டி, தன் இரவு உணவைப் பங்கிட்டுத் தருவாள். மலைமக்களின் இயல்பு அது. அவளுடைய அன்பு உயர்ந்தது. அதை முன்கூட்டியே தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டு புறப்படுவது உயர்ந்ததாகுமா? பிறர் செலவில் செய்யும் சரணாகதி, சரணாகதி ஆகாது.

யாருடைய உயிர்?

இதே பாதையோடு தொடர்புடைய ஒரு வரலாறு சிந்திக்கத் தக்கது. 1893-இல் பிரஹி கங்கைப் பள்ளத்தாக்கில் மலை சரிந்து ஆற்றை அடைத்தது. கோஹ்னா என்னும் இடத்தில் பெரும் ஏரி உருவாயிற்று. அது உடையும் காலத்தைப் பொறியாளர்கள் முன்கூட்டிக் கணித்தனர். எச்சரிக்கை அனுப்பத் தந்திக் கம்பிகள் இழுக்கப்பட்டன, தொங்குபாலங்கள் கழற்றப்பட்டன, மக்கள் மேட்டுநிலங்களுக்கு அனுப்பப்பட்டனர். 1894 ஆகஸ்ட் இறுதியில் ஏரி உடைந்தது. ஸ்ரீநகர் பட்டணம் அழிந்தது. ஆயினும் ஆயிரக்கணக்கான உயிர்கள் காக்கப்பட்டன. இறந்தவர்கள் ஐவரே: வெளியேற்றப்பட்ட பின்னும் திரும்பிச் சென்ற ஒரு பக்கிரியும் அவருடைய குடும்பத்தாரும்.

அந்தப் பக்கிரியின் நம்பிக்கையை எள்ளி நகையாடுவது தகாது. தம் உயிரைப் பொருட்டாக எண்ணாதவர் அவர். ஆனால் அவருடன் அவர் குடும்பமும் இருந்தது. ஒருவர் தம் உடலை இறைவனிடம் ஒப்படைக்கலாம். தம்மை நம்பி வந்தவரின் உடலை ஒப்படைக்க அவருக்கு உரிமை உண்டா? நடைப்பயணத்தில் ஒருவர் வழுக்கி விழுந்தால், அவரைத் தூக்கிச் செல்பவர்கள் உடன் வந்தோரும் ஊர்க்காரர்களும்தான். ஆகவே நோட்டுப் புத்தகத்தில் எழுதப்படும் ஒவ்வொரு வரியும் பிறர் மீதுள்ள அக்கறையாக இருக்க முடியும்.

கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் எந்தச் செயலுக்கும் ஐந்து காரணங்கள் உண்டு என்கிறது: உடலாகிய இடம், செய்பவன், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். தெய்வம் ஐந்தாவது என்பதால் அது சிறிதன்று. மற்ற நான்கையும் முறையாக அளித்தவனே ஐந்தாவதற்குத் தலைவணங்கும் தகுதி பெறுகிறான்.

கைவிடத் தெரிந்த திட்டம்

எனினும் முதல் நண்பருக்கும் ஓர் ஆபத்து உண்டு. திட்டம் மெல்ல மெல்ல ‘என் திட்டம்’ ஆகிவிடும். குறித்த நாளில் குறித்த ஊரை எட்டவேண்டும் என்ற பிடிவாதம், யாத்திரையைப் பந்தயம் ஆக்கிவிடும்.

1890-இல் சுவாமி விவேகானந்தர் தம் குருபாயிகளுடன் அல்மோராவிலிருந்து நடந்து கர்ணப்பிரயாகை வரை வந்தார். பஞ்சம் காரணமாக அதற்கு மேல் கேதார, பத்ரி வழி அடைக்கப்பட்டிருந்தது. உடன் வந்த அகண்டானந்தரின் உடல்நிலையும் கெட்டது. பத்ரி தரிசனத்தை விட்டுவிட்டு அவர்கள் ஸ்ரீநகர் வழியே கீழே இறங்கினார்கள்; நோயுற்ற சகோதரருக்குச் சிகிச்சை தேடினார்கள். பத்ரிநாராயணன் சன்னதியை எட்டாத அந்த யாத்திரையைத் தோல்வி என்று யார் சொல்வார்?

ஆகவே இந்த வழியில் நடக்க விரும்பும் அன்பர்கள் கணக்கெழுதத் தயங்க வேண்டாம். 400 மீட்டருக்கும் குறைந்த உயரத்திலுள்ள ரிஷிகேசத்திலிருந்து ஏறத்தாழ 3,100 மீட்டர் உயரம் வரை ஏறவேண்டும். நாளுக்கு 15 கிலோமீட்டர் வீதம், ஓய்வு நாட்களையும் சேர்த்தால் மூன்று, நான்கு வாரங்கள் ஆகும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் மண்சரிவுக் காலத்தைத் தவிர்ப்பது, அரசின் யாத்திரைப் பதிவைச் செய்துகொள்வது, இருட்டுவதற்கு முன் தங்குமிடம் சேர்வது, தங்கும் வீட்டில் உரிய தொகையைப் பணிவுடன் அளிப்பது, குப்பையைத் திரும்பக் கொண்டுவருவது ஆகிய யாவும் விரதத்தின் அங்கங்களே. 2023 ஜனவரியில் ஜோசிமடத்தின் வீடுகள் விரிசல் கண்டு குடும்பங்கள் வெளியேறின. அத்தகைய மலையில் காலடி வைப்பவன் கனமின்றி நடக்கக் கடமைப்பட்டவன்.

இவ்வளவும் எழுதிய பிறகு, ஒரு கேள்விக்கும் விடை தேடிக்கொள்ள வேண்டும்: ‘எந்த நிலையில் திரும்பிவிடுவோம்?’ உடன் வந்தவர் நோயுற்றால், மழை முந்தினால், வழி அடைபட்டால் திரும்புவோம் என்று புறப்படும் முன்பே மனமார ஒப்புக்கொண்டவருக்கு, அந்த ஒப்புதலே சரணாகதியின் தொடக்கம். அந்த ஒரு வரியை எழுதும்படி இரண்டாம் நண்பர் கேட்கட்டும். முதல் நண்பர் எழுதட்டும். பிறகு இருவரும் சேர்ந்தே நடக்கலாம்.