மணலில் நின்ற அணை

'அந்தக் காலம் போல் வருமா?' என்று பெருமூச்சு விடுகிறவர்கள் நம்மில் பாதிப் பேர். 'அந்தக் காலத்து மனிதர்களுக்கு என்ன தெரியும்?' என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் மீதிப் பேர். ஒரே வீட்டின் திண்ணையில் முதல் ரகத்தையும் மாடி அறையில் இரண்டாவது ரகத்தையும் பார்க்கலாம். இருவரும் வாய் திறந்தால் சண்டைதான். ஆனால் சற்று நிதானமாக யோசித்தால் இருவரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள் என்பது புலப்படும். ஒருவர் முன்னோர்களைப் பூஜை அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறார். மற்றவர் பரணில் போட்டுக் கதவைச் சாத்திவிடுகிறார். அவர்கள் என்ன செய்தார்கள், ஏன் செய்தார்கள், எங்கே தவறினார்கள் என்று கேட்கும் சிரமம் இரண்டு பேருக்குமே மிச்சமாகிவிடுகிறது.

முன்னோர்களுக்கு நாம் எந்த வகையில் கடன்பட்டிருக்கிறோம் என்ற கேள்வியைப் பொதுப்படையாகப் பேசினால் அது மேடைப் பேச்சாகிவிடும். ஆகையால் ஓர் ஆற்றையும் அதன் குறுக்கே கிடக்கும் கற்களையும் வைத்துக்கொண்டு பேசலாம் என்று நினைக்கிறேன்.

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்குப் பிரிவு காவிரி என்ற பெயரோடே போகிறது. வடக்குப் பிரிவுக்குக் கொள்ளிடம் என்று பெயர். நடுவே திருவரங்கத் தீவு. தீவின் கிழக்கு முனைக்கு வரும்போது இரண்டு ஆறுகளும் மறுபடி நெருங்குகின்றன. அங்கேதான் ஆபத்து. காவிரியின் படுகை மேடு. கொள்ளிடத்தின் படுகை பள்ளம். தண்ணீருக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது. பள்ளத்தைக் கண்டால் ஓடிவிடும். அதன் போக்கில் விட்டிருந்தால், தஞ்சைத் தரணியின் வயல்களை எட்டியும் பாராமல் காவிரித் தண்ணீர் கொள்ளிடத்தில் விழுந்து கடலுக்குப் போயிருக்கும். அந்த இடத்தில், ஏறத்தாழ 1,080 அடி நீளத்துக்கு, பாம்பு நெளிந்து படுத்தாற்போலக் கிடக்கிறது கல்லணை. கரிகாற் சோழன் கட்டியது என்பது நம் மரபு. வயது இரண்டாயிரத்தை ஒட்டி என்று சொல்கிறார்கள்.

இதில் வியப்புக்குரிய விஷயம் அதன் வயது மட்டுமன்று. அது நிற்கும் இடம். ஆற்றில் எவ்வளவு தோண்டினாலும் மணல்தான். மணலில் வீடு கட்டாதே என்று குழந்தைக்குக்கூடச் சொல்வோம். அந்த மணலில், ஓடுகிற வெள்ளத்தின் நடுவில், ஓர் அணையை எப்படி நிறுத்துவது? பெரிய பாறைகளைக் கொண்டுவந்து ஆற்றில் போட்டார்கள். அடியிலிருந்த மணலை நீர் அரிக்க, பாறை தானே இறங்கியது. அதன் மேல் இன்னொரு பாறை, நடுவில் களிமண். இறங்குகிற வரைக்கும் இறங்கி, இனி இறங்குவதற்கில்லை என்ற நிலை வரும்வரை போட்டுக்கொண்டே இருந்தார்கள். அணையின் உள்ளே களிமண்ணில் பதிந்த கரடுமுரடான கற்களைப் பார்த்த எஞ்சினீயர்கள் அதன் ரகசியத்தை இப்படித்தான் விளங்கிக்கொண்டார்கள். ஆற்றோடு மல்லுக்கு நிற்காமல், ஆற்றின் வேகத்தையே அஸ்திவாரம் தோண்டும் ஆளாக ஆக்கிக்கொண்ட அறிவு அது.

1821-ஆம் ஆண்டு, பதினெட்டு வயதில், சென்னைக்கு வந்து இறங்கினார் ஆர்தர் காட்டன் என்ற ஆங்கிலேய வாலிபர். கும்பினியின் படையில் எஞ்சினீயர். சில வருஷங்களில் காவிரிப் பாசனத்தைக் கவனிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அப்போது தஞ்சையின் நிலைமை மோசமாக இருந்தது. காவிரியின் படுகையில் வண்டலும் மணலும் சேர்ந்து மேடிட்டு, முக்கொம்பிலேயே தண்ணீரில் பெரும் பங்கு கொள்ளிடத்தின் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. 1804-ஐ ஒட்டிக் கல்லணையின் மேல் கற்களை அடுக்கி உயரத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். நோய் வேறிடத்தில் இருந்ததால் அந்த வைத்தியம் முழுப் பலன் தரவில்லை.

காட்டன் துரை ஆளும் இனத்தைச் சேர்ந்தவர். 'கறுப்பர்கள் கட்டிய கற்குவியல்தானே' என்று ஒதுக்கித் தள்ளியிருக்கலாம். அப்படி ஒதுக்கியிருந்தால் அந்த நாளில் அவரைக் கேட்பார் இல்லை. அவர் என்ன செய்தார் என்றால், இந்தப் பழைய அணை ஏன் விழவில்லை என்று கேட்டார். பிற்காலத்தில் ஒளிவு மறைவின்றி எழுதவும் செய்தார்: ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை இந்த நாட்டின் பழைய சிற்பிகளிடமிருந்துதான் தாம் கற்றுக்கொண்டதாக. அந்தப் பாடத்தைக் கொண்டு 1836-இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை எழுந்தது. அதே பாடம் அங்கிருந்து வடக்கே பயணம் போயிற்று. ராஜமகேந்திரபுரத்துக்கு அருகில் தவளேசுவரத்தில், 1847-இல் தொடங்கி 1852-இல், கோதாவரியின் குறுக்கே மைல் கணக்கில் நீளமான அணையை அவர் கட்டி முடித்தார். பஞ்சத்தில் வாடிய கோதாவரிச் சீமை நெற்களஞ்சியமாயிற்று. காவிரிக் கரையில் பெயர் தெரியாத யாரோ கண்ட உண்மை, பல நூற்றாண்டு கழித்து, அவர்கள் கேள்விப்பட்டிருக்கவே முடியாத மனிதரின் கையால், தெலுங்கு தேசத்துக் குழந்தைகளுக்குச் சோறு போட்டது.

இதோடு நிறுத்தினால் திண்ணைக்காரர் கை தட்டுவார். ஆனால் கதையின் மறு பாதி அவருக்கு ருசிக்காது.

கல்லணையில் ஒரு குறை இருந்தது. அது திடமான கல் கட்டடம். ஆறு கொண்டுவரும் மணல் வெளியேற வழி இல்லை. காவிரிப் படுகை மேடிட்டதற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே 1830-ஐ ஒட்டி, காட்டன் அந்தப் பழைய அணையிலேயே மணல் போக்கிகளை அமைத்தார். கரிகாலன் கட்டியது என்று ஊரே கையெடுத்துக் கும்பிடுகிற அணையில் கை வைப்பதென்றால் சாமானியமா? பூஜை அறை மனிதர் சம்மதித்திருக்க மாட்டார். பரண் மனிதரோ, அணையையே இடித்துப் புதிதாகக் கட்டு என்றிருப்பார். அதை மதித்துப் பாடம் படித்தவருக்கு மட்டுமே, அதை எங்கே திருத்தலாம் என்பதும் தெரிந்தது.

அவர் செய்ததிலும் குறை இருந்தது. மேலணை வந்தபின் காவிரிக்குள் தண்ணீர் அளவுக்கு மீறிப் பாய்ந்து, படுகையையும் கரைகளையும் அரிக்கத் தொடங்கியது. பின்னால் வந்தவர்கள் அதைச் சரிக்கட்ட வேண்டியதாயிற்று. 1880-களில் கல்லணையருகே காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் கதவுகளோடு கூடிய மதகுகள் கட்டினார்கள். 1934-இல் மேட்டூர் அணை முடிந்தது. கல்லணையிலிருந்து ஒரு புதுக் கால்வாய் புறப்பட்டுப் பட்டுக்கோட்டைப் பக்கத்து மேட்டு நிலங்களை நனைத்தது. ஒரு தலைமுறையின் விடை அடுத்த தலைமுறைக்குக் கேள்வியாகிறது. முன்னோர்கள் நமக்கு விட்டுப்போவது கட்டி முடித்த மாளிகை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அவர்கள் பாதி வேலையை, கருவிகளோடும் பிழைகளோடும் சேர்த்து, நம் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

கதை எழுதிப் பிழைக்கும் எனக்கு இதே உண்மை என் தொழிலிலும் தெரிகிறது. 1879-இல் வெளியான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை இன்றைய வாசகர் புரட்டினால், என்ன இது, கதை நடுவே இவ்வளவு உபதேசம் என்று கொட்டாவி விடக்கூடும். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை அதை எழுதியபோது தமிழ் உரைநடையில் நாவல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆழம் தெரியாத மணலில் முதல் பாறையை அவர் போட்டார். அது அமிழ்ந்துதான் போயிற்று. அமிழ்ந்த கல்லின் மேல்தான் பின்னால் வந்தவர்கள் நின்றார்கள். இன்று ஒருவன் லாகவமாக ஒரு சம்பாஷணையை எழுதிவிட்டு, தன் கெட்டிக்காரத்தனம் என்று மார்தட்டிக்கொள்கிறான். தண்ணீருக்கு மேலே தெரிகிற கல்லுக்கு அடியில் எத்தனை கற்கள் என்று அவன் எண்ணிப் பார்ப்பதில்லை.

இங்கே மனச்சாட்சியுள்ள வாசகர் ஒருவர் குறுக்கிட்டு ஒரு கேள்வி கேட்கலாம். 'அந்தக் கற்களைச் சுமந்தவர்கள் யார்? விரும்பித்தான் சுமந்தார்களா?' நியாயமான கேள்வி. சோழன் பன்னீராயிரம் பேரை இலங்கையிலிருந்து சிறைபிடித்துக்கொண்டு போய்க் காவிரியில் வேலை வாங்கினான் என்று இலங்கையின் பழங்கதை சொல்கிறது. கதையில் எவ்வளவு சரித்திரமோ, அந்தக் காலத்து அரசர்கள் கூலி பேசி ஆள் பிடித்தார்கள் என்று நம்புவதற்கு நான் தயாராக இல்லை. கும்பினிக்காரர்களும் தர்ம சிந்தனையால் மட்டும் அணை கட்டவில்லை. நன்செய் பெருகினால் தீர்வை பெருகும் என்ற கணக்கு அவர்களிடம் இருந்தது. காட்டனே, தமது திட்டங்களுக்குப் பணம் கேட்டபோது, அந்தக் கணக்கையும் எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது.

அப்படியானால் நாம் நன்றி செலுத்த வேண்டுமா, வேண்டாமா?

நம் ஊர்களில் ஒரு வழக்கு உண்டு. தகப்பன் சொத்தை ஏற்றுக்கொள்கிறவன் தகப்பன் கடனையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். நிலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கடன் பத்திரத்தைக் கண்டதும் 'அது யாரோ எழுதியது' என்று கைவிரிப்பவனை ஊர் மதிக்காது. காவிரிச் சோற்றை உண்கிற நாம் கரிகாலனின் பெருமைக்கு வாரிசு என்றால், அவன் அணைக்காகக் கண்ணீர் விட்டவர்களின் கடனுக்கும் வாரிசுகள்தான். மன்னனுக்கு நற்சாட்சிப் பத்திரம் எழுதிக் கொடுப்பதால் அந்தக் கடன் தீராது. அணையைப் பழிப்பதாலும் தீராது. இன்று சேற்றில் இறங்கி வாய்க்கால் வெட்டுகிறவனுக்கும் கல் உடைக்கிறவளுக்கும் உரிய கூலியும் மரியாதையும் கிடைக்கின்றனவா என்று பார்த்தால், ஓரளவாவது தீரும்.

2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் தேதி இரவு, முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்தின் பக்கம் இருந்த 45 மதகுகளில் 9 மதகுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. 182 வருஷம் ஆகிவிட்டது, வயோதிகம் என்றார்கள் சிலர். ஆற்று மணலை வரைமுறையில்லாமல் அள்ளியதன் வினை என்றார்கள் வேறு சிலர். 'பார்த்தீர்களா, வெள்ளைக்காரன் கட்டியது விழுந்தது, கரிகாலன் கட்டியது நிற்கிறது' என்று பூரித்துப் போனவர்களும் உண்டு. அவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். கரிகாலன் கட்டியது தானாக நிற்கவில்லை. 1804-இல் அதன் மேல் கல் அடுக்கியவர்கள், 1830-இல் மணலுக்கு வழி செய்தவர்கள், அதற்கு முன்பு சரித்திரம் பெயர் குறிக்காத எத்தனையோ தலைமுறைகளில் வெள்ளத்தில் பெயர்ந்த கல்லை மறுபடி எடுத்து வைத்தவர்கள், இவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து அதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இரண்டாயிரம் வருஷத்து அணை என்று நாம் சொல்வது, இரண்டாயிரம் வருஷத்துக் கவலையின் பெயர்.

செத்துப் போனவர்களுக்கு நாம் எதையும் திருப்பிக் கொடுக்க முடியாது. பிண்டம் வைக்கலாம், சிலை வைக்கலாம், தெருவுக்குப் பெயர் வைக்கலாம். அவர்கள் அவற்றைக் கேட்கவில்லை. வாங்கிய கடனைப் பின்னால் வருகிறவர்களிடம்தான் செலுத்த வேண்டும். பழைய தமிழ்நாட்டுக் கிராமங்களில் இதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. குடிமராமத்து என்று அதற்குப் பெயர். ஏரியையும் வாய்க்காலையும் யார் வெட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து தூர் எடுக்க வேண்டும்; கரையைப் பலப்படுத்த வேண்டும். தண்ணீர் வந்த பிறகு அது கடைமடைக்காரனின் வயலுக்கும் போகும்.

நீதி முறை, பள்ளிக்கூடம், மருத்துவம், மொழி எல்லாமே யாரோ வெட்டிய வாய்க்கால்கள்தான். எதில் எவ்வளவு தூர் சேர்ந்திருக்கிறது, எந்தக் கரை அரித்திருக்கிறது என்று பார்க்க நமக்கு நேரம் இருக்கிறதா? அல்லது திண்ணைக்கும் மாடிக்கும் நடுவே சண்டை போட்டே பொழுதைப் போக்கப் போகிறோமா? நமக்குப் பிறகு வருகிறவர்கள் நம்மைப் புகழ்ந்தாலும் சரி, இகழ்ந்தாலும் சரி. அவர்கள் மதகைத் திறக்கும்போது தண்ணீர் வர வேண்டும்.