விரைந்து அறிதலும் நின்று தீர்த்தலும்

தான் குற்றமேதும் இழைக்காத உயிரொன்று பிறவுயிர்க்குத் தீங்கின் வாயிலாக அமையுமாயின், அதனை எவ்வாறு நடத்துதல் தகும்? அறவியலிற் பழமையான இவ்வினா இன்று கால்நடை வளர்ப்பிற் புதியதொரு வடிவம் பெற்றுள்ளது.

கம்பைலோபற்றர் பீற்றசு என்னும் பற்றீரியாவின் துணையினமொன்று மாடுகளிடையே புணர்ச்சி வழியாகப் பரவுகின்றது. பசுக்களிற் சினை தங்காமையையும் கருச்சிதைவையும் அது விளைவிக்கும். மந்தைகளின் மலட்டுத்தன்மைக்கு அது காரணமாதலை 1949 இல் நெதர்லாந்து ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். ஈண்டுக் கருதத்தக்கது யாதெனின், நோயைப் பரப்பும் பொலிகாளையிடம் நோய்க்குறி எதுவும் தோன்றுவதில்லை என்பதாகும். நுண்ணங்கி அதன் குறியுறையின் மடிப்புகளில் உறையும். காளையோ உண்டு கொழுத்து உலவும்.

முன்னர், நுண்ணங்கியை வளர்ப்பூடகத்தில் வளர்த்தே அறிய வேண்டியிருந்தது. அதற்குப் பல நாள்கள் சென்றன. ஆய்வுகூடம் சேருமுன் அது மடிந்துபோதலும் உண்டு. கேரி முல்லிஸ் 1983 இல் எண்ணத்திற் கொண்டு, 1993 இல் நோபல் பரிசு பெறக் காரணமாகிய பொலிமரேசுச் சங்கிலித் தாக்கம் இந்நிலையை மாற்றியது. நுண்ணங்கியின் டீ.என்.ஏ. துணுக்கொன்றைப் பன்மடங்கு பெருக்கிச் சில மணி நேரத்தில் விடை தருவது அம்முறை. இதனால், ஏதும் அறியேன் என்று கூறிக் காளையை மந்தையுள் விடும் உரிமை அதனை உடையவனுக்கு இல்லாதொழிந்தது. அறியக்கூடியதை அறியாதிருத்தல் அசட்டையின்பாற்படும்.

ஆயின், விரைவு உறுதியாகாது. இம்முறை உயிருள்ள நுண்ணங்கிக்கும் மடிந்ததன் எச்சத்துக்கும் வேறுபாடு காண்பதில்லை. இத்துணையினத்துக்கென அமைக்கப்பட்ட சோதனைகளுட் சில, உறவினமான வேறொரு பற்றீரியாவையும் இதுவெனக் காட்டியமை பின்னர்த் தெரியவந்தது. இனி, எண்கணக்கினையும் நோக்குவோம். 1000 காளைகளுள் 10 மட்டுமே நோய்க்காவிகள் எனவும், சோதனை அவற்றுள் 9 ஐக் கண்டுகொள்ளும் எனவும், நோயற்றவற்றுள் நூற்றுக்கு இரண்டைத் தவறாகச் சுட்டும் எனவும் கொள்வோம். நோயற்ற 990 இல் ஏறக்குறைய 20 தவறாகச் சுட்டப்படும். சுட்டப்பட்ட 29 காளைகளுள் மெய்யான காவிகள் 9 மட்டுமே. அனைத்தையும் கொலைக்களத்துக்கு அனுப்புவோன் அறிவியலின் வழி ஒழுகினான் எனல் பொருந்துமா? தப்பிய ஒரு காவியோ நற்சான்றுடன் மந்தையுட் புகுகின்றது.

ஒரு காளையினும் மந்தை பெரிது எனப் பயன்வாதிகள் கூறுவர். அது மெய்யே. ஆனால் அவ்வாதம் காளையைப் பிரித்துவைத்தற்கு நியாயமாகுமேயன்றி, உடனே கொல்லுதற்கு நியாயமாகாது. பிரித்துவைத்தல் மந்தையைக் காக்கும். மீண்டும் சோதித்தல் காளையைக் காக்கும். அவ்விரண்டாஞ் சோதனை வேறொரு முறையினதாதல் வேண்டும். ஒரே முறை ஒரே தவற்றை மீண்டும் இழைக்கக்கூடும். காவியென உறுதிப்பட்ட பின்னரும் மருந்தளித்துப் பார்த்தல் இயலும்.

இதற்காகுஞ் செலவை ஒற்றைக் காளையை வைத்துப் பிழைக்கும் உழவன்மீது முழுவதும் சுமத்துதல் முறையன்று. அயல் மந்தைகளும் பயன்பெறுதலின், பொதுப்பணமும் அதிற் பங்கேற்றல் வேண்டும். விரைவுச் சோதனை நமக்கு மிச்சப்படுத்தித் தந்த நாள்களுட் சிலவற்றை இரண்டாஞ் சோதனைக்கு ஒதுக்குதல், தனக்காக வழக்காட இயலாத அவ்விலங்குக்கு நாம் செலுத்தவேண்டிய கடனாகும்.