கண்ணாடிக்குள் ஒரு கடல்

ஒன்றை விரும்புவதும் அதனை உடைமையாக்கிக் கொள்வதும் ஒன்றாகுமா? மலரைக் கண்டவன் கொய்யக் கை நீட்டுகிறான். பறவையின் குரலைக் கேட்டவன் கூண்டு தேடுகிறான். கடலழகில் மனம் பறிகொடுத்தவனோ கண்ணாடித் தொட்டி வாங்கி வருகிறான். வீட்டுக் கூடத்தில் உப்புநீர் நிறைத்துக் கடல்மீன் வளர்க்கும் பழக்கம் வெறும் பொழுதுபோக்கன்று; நம் அன்பின் தரத்தைக் காட்டும் உரைகல் அது.

கடல் தன் உயிர்களுக்குக் கேளாமலே செய்யும் பணியின் அருமையைத் தொட்டி வைத்தவனே அறிவான். லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு, 25 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பம், ஓயாத நீரோட்டம் ஆகிய யாவும் இனி அவன் பொறுப்பு. தொட்டியிலிருந்து நீர் மட்டுமே ஆவியாகும்; உப்பு தங்கிவிடும். ஆதலின் அக்குறையை நன்னீர் கொண்டே நிரப்பவேண்டும். உப்புநீரை ஊற்றுபவன் தன்னை அறியாமலே நாள்தோறும் கரிப்பைக் கூட்டுகிறான்.

மீனின் கழிவிலிருந்து தோன்றும் அம்மோனியா நஞ்சாகும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களுள் ஒரு வகை அதனை நைட்ரைட்டாக மாற்றுகிறது, அதுவும் நஞ்சே. மற்றொரு வகை அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக்குகிறது. இந்நுண்ணுயிர்கள் பாறையிலும் மணலிலும் குடியேறிப் பெருகப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதுவரை பொறுத்திருக்க வேண்டும்.

நாம் இதனைப் படித்திருந்தும் பொறுக்கவில்லை. நீர் பளிங்கெனத் தெளிந்திருந்தது; அதனால் தூயதென்று கருதி நான்காம் நாளே இரு கோமாளி மீன்களை விட்டோம். பத்தாம் நாள் வைகறையில் இரண்டும் மிதந்தன. தெளிவு வேறு, தூய்மை வேறு என்பதை அன்று உணர்ந்தோம். நம் நோக்கம் நல்லதே. ஆனால் அந்நோக்கத்தால் அம்மீன்களுக்கு என்ன பயன்?

இத்தவற்றைச் செய்தவர் நாம் மட்டுமல்லர். இங்கிலாந்தின் இயற்கை நூலறிஞர் பிலிப் ஹென்றி காஸ், கடல்நீர்த் தொட்டியைப் பற்றி 1854இல் ஒரு நூல் வெளியிட்டார். அவருடைய நூல்களைப் படித்து மகிழ்ந்த மக்கள் திரள்திரளாகக் கடற்கரைக்குச் சென்று, பாறைக் குட்டைகளில் வாழ்ந்த உயிர்களை அள்ளி வந்தனர். அக்குட்டைகள் அழகிழந்து வெறுமையாயின. தம் எழுத்தே இதற்குக் காரணமாயிற்று என அவர் வருந்தியதை, அவருடைய மகன் எட்மண்ட் காஸ் 1907இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்துள்ளார். கடலை வெறுத்தவர்கள் அல்லர், நேசித்தவர்களே அதனைச் சூறையாடினர்!

நம் காலத்திலும் இக்கதை தொடர்கிறது. இந்தோனேசியாவின் பங்காய்த் தீவுகளை இயற்கை வாழிடமாகக் கொண்ட ஒரு சிறு கார்டினல் மீன் உண்டு. ஆண்மீன் முட்டைகளைத் தன் வாயில் வைத்துக் காக்கும். 1990களின் நடுவில் இதன் அழகு உலகச் சந்தைக்கு எட்டியது, வலைகள் விரைந்தன. 2007இல் அது அழியும் ஆபத்திலுள்ள இனமெனப் பன்னாட்டுச் செம்பட்டியலில் இடம்பெற்றது. தன் குஞ்சுகளை வாயில் வைத்துக் காக்கும் மீனுக்கு நம் விருப்பத்திடமிருந்து தப்பும் வழி தெரியவில்லை.

அப்படியாயின் தொட்டியே ஆகாதா? நாம் அவ்வாறு சொல்லவில்லை. கோமாளி மீனும் இந்தக் கார்டினல் மீனும் இன்று பண்ணைகளிலேயே குஞ்சு பொரித்து வளர்க்கப்படுகின்றன. அவற்றைத் தேடிப் பெறுவோன் கடலிலிருந்து ஓர் உயிரையும் பறிப்பதில்லை. ஆகவே, ‘எப்படி வளர்ப்பது?’ என்பதற்கு முன்னரே ‘எங்கிருந்து வந்தது?’ என்று கேட்டாக வேண்டும். நம் கூடத்தின் அழகுக்கு வேறெங்கோ ஒரு பவளத்திட்டு விலை கொடுத்திருக்குமாயின், நாம் நாள்தோறும் ஊற்றும் நன்னீர் அக்கடனைத் தீர்க்காது.

அவ்விரு மீன்களும் மடிந்தபின் ஏழு வாரங்கள் நம் தொட்டி வெறுமையாகவே இருந்தது. வந்தவர்கள், “மீன் எங்கே?” என்று நகைத்தனர். நாமோ நீரைச் சோதித்துக்கொண்டிருந்தோம். நம்மை நம்பி வரும் உயிர் ஓர் அமானிதம் அன்றோ? அது வருமுன்பே அதற்கான இடத்தை ஆயத்தம் செய்வதில்தான் அன்பு தொடங்குகிறது. விரும்புவோர் பலர், காத்திருப்போர் சிலர். அச்சிலரிடமே கடலின் ஒரு துளியை ஒப்படைக்கலாம்.