தலையெழுத்தும் தன்விருப்பமும்

ஒரு குழந்தைக்கு நாம் சொல்லும் கதை வெறும் பொழுதுபோக்குத்தானா, அல்லது அக்குழந்தையின் பிற்கால வாழ்வைப்பற்றி நாம் கொடுக்கும் வாக்குறுதியா என்பது சாதாரணமாக நாம் கேட்டுக்கொள்ளாத கேள்வியாகும். கதையென்றால் கேட்டுவிட்டு உறங்கத்தக்கதென்றே எண்ணிவிடுகிறோம். ஆனால் ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்கு எந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிவருகின்றதோ, அந்தக் கதைக்குத் தக்கபடியேதான் அப்பிள்ளைகள் வளர்ந்தபின் தங்கள் துன்பத்துக்குக் காரணம் தேடுகிறார்கள். விதியென்னும் கதை கேட்டு வளர்ந்தவன் விதியை நோகிறான். வேறு கதை கேட்டு வளர்ந்தவன் வேறொன்றை நோகிறான். ஆகவே இது பெரியோர் யோசிக்கவேண்டிய விஷயமேயாகும்.

சமீப காலத்தில் நமது பட்டணங்களில் தோன்றியுள்ள குழந்தைகள் கேளிக்கைக் கூடங்கள் இக்கேள்வியைப் புதிதாக எழுப்பியிருக்கின்றன. முன்னாளில் கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்கில் ஒரு கேளிக்கைப் பூங்கா இருந்தது. அங்கே ஆட்டமும் பாட்டும் நாடகமும் மேடைமேல் நடக்கும். காசு கொடுத்தவர் கீழேயிருந்து பார்ப்பார். அப்பூங்கா மறைந்து, அவ்விடத்தில் 1977-இல் சுங்கை வாங் அங்காடி எழுந்தது. இன்றைய கூடங்களிலோ மேடையென்றும் கீழென்றும் பிரிவு கிடையாது. நான்கு சுவர்களுக்குள், குளிர்ந்த காற்றில், கதை சொல்லுபவர் நேரில் நின்று கதையைத் தொடங்கிவைக்கிறார். அதை நடத்தி முடிக்கவேண்டியது குழந்தையின் வேலை.

இவ்வகையில் நமது வட்டாரத்தில் பெயர்பெற்றது, 2012-ஆம் ஆண்டில் முத்தியாரா டாமன்சாராவில் திறக்கப்பட்ட கிட்ஸானியா என்பதாகும். 1999-இல் மெக்ஸிகோ நகரத்தில் முதன்முதலாக ஏற்பட்டு, பிறகு பல தேசங்களுக்கும் பரவிய ஏற்பாடு இது. விமான நிலையம் போன்ற வாயிலின் வழியாகப் பிள்ளைகள் ஒரு சிறு நகரத்துக்குள் நுழைகிறார்கள். அந்நகரத்துக்கு ஒரு பூர்வ கதையும் உண்டு. பெரியவர்கள் உலகத்தை நடத்தும் அழகைக் கண்டு சலித்த பிள்ளைகள், தங்களுக்கெனத் தனிநாடு கண்டு, சுதந்திரப் பிரகடனம் செய்து, இருக்கவும், அறியவும், அன்பு செலுத்தவும், விளையாடவும், படைக்கவும், பகிரவும் ஆறு உரிமைகளை ஏற்படுத்திக்கொண்டார்களாம். உள்ளே நுழைந்ததும் பிள்ளைக்கு 50 கிட்ஸோவுக்கு ஒரு காசோலை. அதை அங்குள்ள வங்கியிற் கொடுத்து அந்நாட்டுப் பணமாக மாற்றிக்கொள்ளலாம். பிறகு வைத்தியராகவோ, விமானியாகவோ, தீயணைப்பவராகவோ உடை தரித்து, அங்குள்ளவர் சொல்லும் கதைக்குள் புகுந்து, குறித்த நேரம் வேலை செய்தால் அதற்குக் கூலியும் உண்டு. எரிவதுபோல் அமைத்த கட்டடத்தின்மேல் பிள்ளைகள் தண்ணீர் பாய்ச்சுகையில், பெற்றோர் தூர நின்று பார்க்கலாமேயன்றி உடன்சேர முடியாது. மற்ற வேலைக் கூடங்களிலும் பெரியவர்க்குக் கண்ணாடிக்கு வெளியேதான் இடம்.

நாமும் உறவினர் பிள்ளைகளுடன் சென்று அக்கண்ணாடிக்கு வெளியே நின்றதுண்டு. கண்ட அளவில் ஒரு நன்மையை மறைக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வாயிலில் எந்தப் பிள்ளையையும் பார்த்து, "நீ யார் வீட்டுப் பிள்ளை? உன் தகப்பன் என்ன தொழில் செய்கிறான்?" என்று கேட்பாரில்லை. பெண் தீயணைக்கலாம், ஆண் குழந்தையைத் தாலாட்டலாம். பிறப்பினால் தொழில் என்னும் கொடுமையை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சுமந்துவந்த மக்களாகிய நமக்கு இது சிறிய காரியமாகத் தோன்றாது. நமது தோட்டங்களில் பிள்ளை பிறந்தபோதே அவன் வெட்டவேண்டிய பால்மரமும் நட்டாகிவிட்டதென்று சொல்லத்தக்க நிலைமை இருந்தது. விடியுமுன் பெற்றோர் பிரட்டுக்குச் செல்லுவர். கைக்குழந்தை ஆயக்கொட்டகைக்குச் செல்லும். சற்று வளர்ந்த பிள்ளை மங்கு துடைக்கவும் கட்டிப்பால் பொறுக்கவும் தாயின் பின்னே செல்லும். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் உள்ள தோட்டங்களில் பள்ளிக்கூடம் வேண்டுமென்று விதித்ததென்பது உண்மையே. ஆனால் அநேக இடங்களில் அப்பள்ளிக்கூடமென்பது ஒரு கொட்டகையும், வேலை ஓய்ந்த நேரத்திற் பாடஞ்சொல்லும் ஒரு கங்காணியோ கிராணியோதான். அப்படிப்பட்ட நிலைமையிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளை இன்று, "இன்றைக்கு நான் என்ன வேலை செய்யலாம்?" என்று தானே யோசித்து நிற்கின்றதென்றால், விளையாட்டிலாயினும் அது மகிழத்தக்கதே.

ஆயினும் நமது ஆராய்ச்சி இத்துடன் நின்றுவிடலாகாது. ஏனெனில் இன்னொருவன் தொழிலைச் சிறிது காலம் தான் செய்து பார்க்கும் கதை நமக்குப் புதிதன்று. தெருக்கூத்தில் விடிய விடிய ஆடப்பட்ட அரிச்சந்திரன் கதையை யோசித்துப் பாருங்கள். நாடாண்ட அரசன் மயானங் காக்கிறான். முழத்துண்டும் கால்பணமும் வாய்க்கரிசியும் கேட்கிறான். பார்த்திருப்போர் கண்ணீர் வடிக்கிறார்கள். கடைசியில் தேவர்கள் தோன்றுகிறார்கள். அரசனுக்கு நாடு திரும்பக் கிடைக்கின்றது. எல்லோரும் திருப்தியுடன் வீடு திரும்புகிறார்கள். ஆனால் அந்த மயானத்தில் தலைமுறை தலைமுறையாக அதே வேலையைச் செய்துவந்த வெட்டியானுக்கு என்ன கிடைத்தது? அவனுக்காக எந்தத் தேவரும் வரவில்லை. அவன் வேலையை அரசன் செய்தால் அது சத்திய சோதனை. அவனே செய்தால் அது அவன் தலையெழுத்து! அவ்வளவு பெரிய துயரக் கதையைக் கேட்டவர்களில் ஒருவராவது எழுந்து அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்கக்கூடாதென்பதே பழங்கதையின் சட்டம். கேட்போன் வாய்பொத்தி இருக்கவேண்டும்.

புதுக் கதையில் குழந்தை வாய்பொத்தி இருக்கவில்லை. பேசுகிறது, ஓடுகிறது, வேலை செய்கிறது. ஆனால் அதன் கேள்விகளும் கதை அமைத்தவர் போட்ட எல்லைக்குள்தான் அடங்குகின்றன. எந்த வேலை என்று கேட்கலாம். கூலி எவ்வளவு என்றும் கேட்கலாம். அக்கூலியை நிர்ணயித்தவர் யார் என்று கேட்க அங்கே இடமில்லை. பிள்ளைகள் பெரியவரை விலக்கித் தனிநாடு கண்டார்களென்பது கதை. அந்நாட்டின் கடைகளின்மேலும் தொழிற்சாலைகளின்மேலும் இருப்பவையோ பெரியவர்களின் வியாபாரப் பெயர்கள். வேலை செய்தால் கூலி தவறாது என்பதும், வேண்டிய வேலையைக் கேட்டால் வரிசையில் நின்று பெறலாம் என்பதும் அந்நாட்டின் இயற்கை விதிகள்போல் விளங்குகின்றன. வெளியுலகத்தில் அவை இயற்கை விதிகளா? இத்தேசத்திற் பல தொழில்களுக்கும் பொதுவான குறைந்தபட்ச ஊதியம் சட்டமாக அமுலுக்கு வந்தது 2013-ஆம் ஆண்டு சனவரியில்தான். தீபகற்பத்திற்கு மாதம் 900 வெள்ளி. அதாவது, நமது பிள்ளைகளின் விளையாட்டு நகரத்தில் வேலைக்கு நிச்சயமான கூலி ஏற்பட்டது 2012-இல். அவர்களுடைய பெற்றோர்க்கு அத்தகைய நிச்சயம் சட்டத்தில் வந்தது அதற்கடுத்த ஆண்டில்! 2025-இல் அத்தொகை 1,700 வெள்ளியாக உயர்ந்ததும், கூலிபெறுவோர் தாமே விரும்பியதனால் மாத்திரம் நேர்ந்ததன்று.

"குழந்தைகள் ஒரு நாள் விளையாடிவிட்டு வருவதற்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? பொம்மைக் கலியாணத்தில் சீர்வரிசைக் கணக்குப் பார்ப்பாருண்டா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. குழந்தையின் மகிழ்ச்சியைக் கெடுப்பது நமது நோக்கமல்ல. பொழுதெல்லாம் கசப்பையே ஊட்டி வளர்க்கப்பட்ட பிள்ளை நியாயவானாக வளருமென்பதற்கும் ஆதாரமில்லை. ஆனால் இவ்விளையாட்டை நடத்துவோரும் அதற்குப் பணங்கட்டும் பெற்றோரும் இதை வெறும் விளையாட்டென்று சொல்வதில்லை. உலகத்தைக் கற்பிக்கும் பள்ளியென்றே சொல்லுகிறார்கள். பள்ளியென்று சொன்னபிறகு பாடம் முழுமையானதா என்று கேட்பது குற்றமாகுமா?

அந்தப் பாடத்தின் சாரமாவது, "நீ விரும்பினால் எதுவும் ஆகலாம்" என்பதே. இது கேட்பதற்கு மிக இனிமையானது. ஆங்கில வழியிற் கற்ற நம் போன்றாருக்கு இது பழக்கமானதுமாகும். இங்கிலாந்தில் சாமுவேல் ஸ்மைல்ஸ் 1859-இல் தன்முயற்சியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்ட காலந்தொட்டு இக்கருத்து பள்ளிப் புத்தகங்களில் உலவிவருகின்றது. தலையெழுத்தென்னும் நஞ்சுக்கு இதுவே மருந்தென்று நம்மவர் பலரும் நம்பினர். ஆனால் இரண்டு கதைகளையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை புலப்படும். தோட்டத்துப் பிள்ளை ஒருவன் படிப்பை இழந்து நிற்கிறானென்று வைத்துக்கொள்வோம். பழங்கதை, "அது உன் தலையெழுத்து" என்று சொல்லும். புதுக்கதை, "நீ போதுமான அளவு விரும்பவில்லை" என்று சொல்லும். பள்ளிக்கூடம் எத்தனை மைல் தூரத்தில் இருந்தது, பேருந்து ஓடியதா, தகப்பனுக்குக் கூலி எவ்வளவு, தோட்டம் விற்கப்பட்டபோது அக்குடும்பத்துக்கு வீடு கிடைத்ததா என்பவற்றை இரண்டு கதைகளும் கேட்பதில்லை. ஒன்று குற்றத்தை வானத்தில் வைக்கிறது. மற்றொன்று குற்றத்தைப் பிள்ளையின் மனத்தில் வைக்கிறது. நடுவிலிருந்து ஏற்பாடுகளைச் செய்த மனிதர்கள் இரண்டிலும் தப்பித்துக்கொள்கிறார்கள். பழங்கதையிலாவது துன்பப்பட்டவன், நம்மால் ஆவதொன்றில்லையென்று தன்னை நொந்துகொள்ளாமல் இருந்தான். புதுக்கதையில் அந்த ஆறுதலும் போய்விடுகின்றது. ஏழைக்கு வறுமையோடு வெட்கமும் சேருகின்றது. இதனால் பழங்கதையே மேலென்று சொல்ல வரவில்லை. ஒரு பொய்க்கு மாற்று இன்னொரு பொய்யல்ல என்பதே நமது அபிப்பிராயம்.

அவ்வாறாயின் பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க மூன்றாவது கதை ஒன்று உண்டா? உண்டு, அதைத் தேடிக் கடல் கடக்கவேண்டுவதில்லை. 1941-ஆம் ஆண்டில் இதே கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் நமது தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். ஆர். எச். நாதன் முதலியோர் அவர்களுக்குத் துணைநின்றனர். அவர்கள் கேட்டவை யாவை? சீனத் தொழிலாளர்க்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குத் தகுந்த கல்வி, வைத்திய வசதி, கள்ளுக்கடை மூடல், சங்கம் அமைக்கும் உரிமை. இவற்றோடு இன்னொன்றும் கேட்டனர்: துரைமார் முன்னும் தோட்டத்து ஆசிய உத்தியோகஸ்தர் முன்னும் மிதிவண்டியை விட்டு இறங்காமலே செல்லும் உரிமை. அந்த உத்தியோகஸ்தர் யார்? கிராணிமார்தாம், நாம் இன்று அமர்ந்திருக்கும் நாற்காலிக்கு உரியவர்கள்தாம். நாதன் கைதானார், பட்டாளம் வந்தது, துப்பாக்கி சுட்டுத் தொழிலாளர் சிலர் மாண்டனர். அக்கோரிக்கைகளில் அன்றே கிட்டியது சிறிது. ஆனால் இன்று ஒரு கூலியாள் மிதிவண்டியிலிருந்து இறங்காமல் நமது அலுவலக வாயிலைக் கடந்து செல்லுகிறானென்றால், அது விதி மாறியதால் நேர்ந்ததுமன்று, தனியொருவன் ஆசைப்பட்டதால் நேர்ந்ததுமன்று. பலர் கூடி, ஏற்பாட்டைச் செய்தவர்களின் பெயரைச் சொல்லி, அதை மாற்றும்படி கேட்டார்கள், அதனால் நேர்ந்தது.

இந்தக் கதையில் விருப்பமும் இருக்கின்றது. ஆனால் அது பிறர் விருப்பத்தோடு சேர்ந்த விருப்பம். கஷ்டமும் இருக்கின்றது, ஆனால் அது காரணம் கண்டுபிடிக்கத்தக்க கஷ்டம். இதைக் கேட்ட பிள்ளை தான் தோற்றால் தன்னையே வெறுக்காது. தான் வென்றால் தோற்றவனை இகழாது. ஒரு கதையினால் நாம் வேண்டுவது இதைவிட வேறென்ன?

இக்கதை நம்மவருக்கு மாத்திரம் உரியதென்றும் எண்ணிவிடலாகாது. இன்று தோட்டங்களில் நம்மவர் குறைந்து, இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் மிகுந்திருக்கின்றனர். கோலாலம்பூரின் பெரிய அங்காடிகளிற் கண்ணாடி துடைப்போரிலும் தரை கூட்டுவோரிலும் அயல்தேசத்து ஏழைகள் அநேகர். நமது பிள்ளை சில நிமிஷம் துடைப்பம் ஏந்தி விளையாடினால் நாம் படம் பிடிக்கிறோம்; அதே கட்டடத்தில் நாள் முழுதும் துடைப்பம் ஏந்துபவனை ஏறிட்டும் பார்ப்பதில்லை. அரிச்சந்திரனுக்கு அழுதுவிட்டு வெட்டியானை மறந்த நமது பாட்டன்மாருக்கும் நமக்கும் இதில் என்ன வித்தியாசம்?

ஆகையால் பிள்ளைகளை இத்தகைய கூடங்களுக்கு அழைத்துச் செல்லவேண்டாமென்று நாம் சொல்லவில்லை. இயன்றவர் தாராளமாக அழைத்துச் செல்லட்டும். தோட்டத்துப் பள்ளிகளிலிருந்தும் பிள்ளைகளைக் கூட்டிச்செல்ல நமது சங்கங்கள் முயலட்டும். ஆனால் கூடத்துக் கதைசொல்லியின் வேலை முடிந்த இடத்தில் பெற்றோரின் வேலை ஆரம்பமாகின்றதென்பதை மறக்கலாகாது. டாமன்சாராவிலிருந்து கிள்ளானுக்கோ பிரிக்பீல்ட்ஸுக்கோ திரும்பும் வழி கதை சொல்லுவதற்குப் போதுமான நீளமுடையதே. "இன்று நீ செய்த வேலைக்குக் கூலி கொடுத்தார்கள், கொடுக்காதிருந்தால் என்ன செய்திருப்பாய்? யாரைச் சேர்த்துக்கொண்டு கேட்டிருப்பாய்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட நன்றாகப் பதில் சொல்லுவார்கள். பெரியவர் உலகத்தை நடத்தும் அழகு போதாதென்று கண்டுதானே அவர்கள் அந்நாட்டை நிறுவியதாகக் கதை? அந்த ஒரு வாக்கியத்தையாவது மெய்யென்று எடுத்துக்கொண்டு, அவர்களுக்கு முழுக் கதையையும் சொல்லுவது நமது கடமையாகும்.