கொடுத்த காசு யாருடையது?

பிள்ளைக்கு வாரம் பத்து வெள்ளி கைச்செலவுக்குக் கொடுக்கிறோம். கொடுத்த பிறகு அது யாருடைய காசு?

1969இல் அஞ்சலகச் சேமிப்பு வங்கி, அதாவது நம்ம பிஓஎஸ்பி, பள்ளிகளில் சேமிப்பு இயக்கம் தொடங்கியது. பிள்ளைகள் அட்டையில் முத்திரை ஒட்டிச் சேர்த்தார்கள். 2017இல் அதே வங்கி ‘ஸ்மார்ட் பட்டி’ கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்தது. பிள்ளை கேன்டீனில் தட்டிக் காசு கட்டினால், பெற்றோர் கைப்பேசியில் செலவைப் பார்க்கலாம். வசதிதான். ஆனால் தினமும் “இதை ஏன்டா வாங்குன?” என்று கேட்டால், பிள்ளை பணத்தை ஆளவா கற்கிறான், நமக்குப் பயப்படவா?

ஃபேரர் பார்க் பெருமாள் கோயிலில் நான் அடிக்கடி பார்ப்பது இது: அம்மா கையில் திணித்த காசைப் பிள்ளை உண்டியலில் போடும். அது அம்மாவின் காணிக்கை. தன் கைச்செலவில் மிச்சம் பிடித்துத் தானாகப் போட்டால்தான் பிள்ளையின் காணிக்கை. செலவழிக்க உரிமை இல்லாதவனுக்குக் கொடுக்கவும் உரிமை இல்லையே!

தம்பி தங்கை உள்ள இளையர்களே, வீட்டில் பேசிப் பாருங்கள். எவ்வளவு என்பதைப் பெற்றோர் முடிவு செய்யட்டும். எதற்கு என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். புதன்கிழமையே காசு தீர்ந்துபோச்சா? திட்ட வேண்டாம், கூடுதல் காசும் வேண்டாம். வெள்ளிக்கிழமை வரை வீட்டுச் சாப்பாடு கட்டிக் கொடுத்தால் போதும்.